சென்னை வெயிலில் ‘குளிர்ந்த’ டயர்

வடசென்னையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியே சென்றால் டோல்கேட் என்னும் இடம் வரும். பழைய சுங்கச்சாவடியைப் பெயரிலேயே சுமந்து நிற்கும் அப்பகுதிக்கு 2021-ஆம் ஆண்டில் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. ஆயினும் அந்த வட்டாரம் என்றதும் நினைவுக்கு வருபவை துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளே. லாரி நின்றதும் கிளீனர் ஒரு கட்டையால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பார்; எழும் ஒலியைக் கொண்டே காற்று குறைந்த டயரை அறிந்துகொள்வார். கையால் தொட்டும் இதை அறியலாம். வெகுதூரம் ஓடிவந்த டயர்கள் எல்லாமே சுடும். காற்று குறைந்த டயரோ மற்றவற்றைவிட அதிகமாகச் சுடும். அந்தச் சூடு மிகுந்தால் டயர் வெடித்துவிடும் என்பது லாரித் தொழிலில் உள்ளவர்கள் அனைவருக்கும் தெரியும்.

லாரி டயருக்குப் பகையான இதே சூடு, பந்தயக் காரின் டயருக்கு உயிர்த்துணையாக இருக்கிறது. சூடேறாத பந்தய டயர், நாம் அன்றாடம் ஓட்டும் காரின் டயரைவிட மோசமாக வழுக்கும்! ஒரே பொருளுக்கு இப்படி இருவேறு குணங்கள் எப்படி வந்தன என்பதைப் பார்ப்போம்.

இதைப் பேசுவதற்கு இந்த வட்டாரம் பொருத்தமானதுதான். 1946-ல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் பொம்மைப் பலூன்கள் செய்யும் சிறு தொழிலைத் திருவொற்றியூரில்தான் ஒரு கொட்டகையில் தொடங்கினார். 1952-ல் தேய்ந்த டயர்களுக்குப் புதுமேல்பரப்பு இடும் டிரெட் ரப்பரும், 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு நிறுவனத்தின் கூட்டுறவோடு டயர்களும் அங்கே உருவாகத் தொடங்கின. மெட்ராஸ் ரப்பர் பாக்டரி என்ற பெயரின் சுருக்கமே இன்று எல்லாரும் அறிந்த எம்.ஆர்.எஃப். ஆகும்.

கார்ப் பந்தயமும் சென்னைக்குப் புதிதன்று. செங்குன்றத்தை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த தடம் 1990-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் ஒரு சுற்றின் நீளம் சுமார் 3.7 கி.மீ.

இத்தகைய தடங்களில் ‘டிராக் டே’ என்று சில நாட்கள் ஒதுக்கப்படுகின்றன. அன்று பந்தயக்காரர் அல்லாதவர்களும் கட்டணம் செலுத்தித் தங்கள் காரை ஓட்டலாம். அவர்களுள் சிலர் சாலை டயரைக் கழற்றிவிட்டு, ‘ஸ்லிக்’ என்னும் வரிகளற்ற பந்தய டயரைப் பூட்டிக்கொள்கின்றனர். அதைப் பூட்டியவுடனேயே கார் சாலையை அட்டைபோல் ஒட்டிப் பிடிக்கும் என்று எண்ணி முதல் சுற்றிலேயே விரைபவர்களுக்குத்தான் ஆபத்து காத்திருக்கிறது.

வரிகள் எதற்கு? ஏன் இல்லை?

சாதாரண டயரின் மேற்பரப்பில் உள்ள வரிப்பள்ளங்கள் பிடிப்பைக் கூட்டுவதற்காக வெட்டப்பட்டவை என்று பலர் நினைக்கின்றனர். உலர்ந்த தார்ச்சாலையில் அவை பிடிப்பைக் குறைக்கவே செய்கின்றன. அவற்றின் வேலை, மழைநீருக்கு வழிவிடுவதே.

ஒரு கணக்கு போடுவோம். 1,000 கிலோ எடையுள்ள கார் நான்கு டயர்கள் மேல் நிற்கிறது. ஒவ்வொன்றின் மீதும் சுமார் 250 கிலோ. டயருக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.75 கிலோ அழுத்தம், அதாவது 25 பவுண்டு காற்று, இருந்தால் ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 143 சதுர சென்டிமீட்டர். நான்கையும் கூட்டினாலும் நாம் எழுதும் ஒரு முழு வெள்ளைத்தாளின் அளவைத் தாண்டாது. அந்தச் சிறு பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சாலை டயரில் பள்ளங்கள் எடுத்துக்கொள்கின்றன. மழையில்லாத பந்தயத் தடத்தில் அந்த இழப்பு வீண். எனவே பள்ளங்களை நீக்கி, முழுப் பரப்பும் தரையைத் தொடுமாறு செய்தார்கள். பார்முலா 1 பந்தயத்தில் இவ்வகை டயர் 1971-ல் புகுந்தது. கார்களின் வேகத்தைக் குறைக்க 1998 முதல் 2008 வரை வரியிட்ட டயர்களைக் கட்டாயமாக்கினர். 2009-ல் ஸ்லிக் மீண்டும் வந்தது.

பள்ளம் இல்லாதது மட்டுமே ஸ்லிக்கின் சிறப்பன்று. அதன் ரப்பர்க் கலவையே வேறு. இரகசியமும் ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றன.

பள்ளிப் பாடத்தை மீறும் ரப்பர்

உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்று பள்ளியில் படிக்கிறோம். 1699-ல் பிரான்சின் அமோந்தோன் கூறிய விதி அது. மரத்துக்கும் இரும்புக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். ரப்பர் அதற்குக் கட்டுப்படுவதில்லை. ஏனெனில் ரப்பரின் பிடிப்பு இரண்டு வழிகளில் பிறக்கிறது.

முதலாவது, ஒட்டுதல். ரப்பர் என்பது பல்லாயிரம் கண்ணிகள் கோத்த மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல். சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டறிந்தபடி கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போது இச்சங்கிலிகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று முடிச்சிடப்படுகின்றன. முடிச்சுகளுக்கு இடைப்பட்ட பகுதிகள் ஓயாது நெளிந்துகொண்டே இருக்கும். தரையைத் தொடும்போது அவை கல்லின் மேற்பரப்போடு கணநேரம் ஒட்டி, இழுபட்டு, விடுபட்டு, மீண்டும் ஒட்டுகின்றன. ரப்பர் எவ்வளவு நெருக்கமாகத் தரையோடு படிகிறதோ அவ்வளவுக்கு இந்த ஒட்டுதல் மிகும்.

இரண்டாவது, தயக்கம். காந்தவியலில் ‘காந்தத் தயக்கம்’ பற்றிப் படித்திருப்பீர்கள். அதுபோன்ற ஒன்று ரப்பரிலும் உண்டு. தார்ச்சாலை பார்வைக்குச் சமமாகத் தோன்றினாலும் அதில் சிறு கற்களின் மேடுகள் நிறைந்துள்ளன. ரப்பர் ஒரு மேட்டின்மீது ஏறும்போது அமுங்குகிறது. இறங்கும்போது உடனே பழைய வடிவத்துக்கு வராமல் சற்றுத் தயங்குகிறது. அதனால் மேட்டின் முன்புறம் ரப்பர் அழுத்தும் அளவுக்குப் பின்புறம் அழுத்துவதில்லை. இந்த வேறுபாடே காரை வழுக்காமல் பிடித்து நிறுத்தும் விசையாகிறது. இதில் செலவாகும் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது.

1963-ல் கே. ஏ. குரோஷ் என்னும் ஆய்வாளர், வெவ்வேறு வேகங்களிலும் வெப்பநிலைகளிலும் ரப்பரைத் தேய்த்து அளந்து, இந்த இரு வழிகளும் ரப்பரின் ஒரே பண்பிலிருந்து வருபவை என்று காட்டினார். அது பாகுபோல் ஒழுகும் தன்மையும் வில்போல் மீளும் தன்மையும் கலந்த பண்பு. வெப்பநிலை ஏற ஏறப் பிடிப்பு கூடி, ஓர் உச்சத்தை அடைந்து, அதற்கு மேல் குறைகிறது என்பதும் அவ்வாய்வுகளால் தெளிவாயிற்று.

எல்லாம் பதத்தில் இருக்கிறது

கடலை மிட்டாய் செய்பவர்கள் வெல்லப்பாகின் பதத்தை நன்கு அறிவார்கள். பதம் தவறாத பாகு கடலையோடு ஒட்டும். ஆறிப்போன பாகு கல்லாகி உதிரும். ரப்பருக்கும் இத்தகைய பதம் உண்டு.

எந்த ரப்பரையும் போதிய அளவு குளிர்வித்தால் அதன் மூலக்கூறுகளின் நெளிவு அடங்கிக் கண்ணாடிபோல் விறைத்துவிடும். இயற்கை ரப்பருக்கு இது பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 70 டிகிரி செல்சியஸில் நிகழ்கிறது. பந்தய டயரின் செயற்கை ரப்பர்க் கலவையில் இந்த நிலை மிக முன்னதாகவே வருமாறு அமைத்திருக்கிறார்கள். அப்போதுதான் தயக்கம் மிகுதியாகக் கிடைக்கும். ஆனால் அதற்கு விலையும் உண்டு. அக்கலவை மென்மையடைந்து தன் வேலையைச் செய்ய, பெரும்பாலும் 80 முதல் 100 டிகிரி வரை சூடேற வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். ‘சென்னைக்கு ஏது குளிர்? சித்திரை வெயிலில் தார்ச்சாலையே 50 டிகிரிக்கு மேல் சுடுகிறதே!’ என்று நீங்கள் கேட்பீர்கள். நம் உடம்புக்கு 30 டிகிரி புழுக்கமாக இருக்கலாம். 90 டிகிரியில் வேலை செய்யப் படைக்கப்பட்ட ரப்பருக்கு அது கடுங்குளிரே. சுடுகின்ற தரையும் டயரின் மேல்தோலை மட்டுமே விரைவில் சூடாக்கும். உள்ளிருக்கும் நார்க்கட்டும் ரப்பரும் குளிர்ந்தே இருக்கும்.

வேகமும் சேர்ந்து நிலைமையை மோசமாக்குகிறது. ஜவ்வு மிட்டாயை மெதுவாக இழுத்தால் நீளும். வெடுக்கென்று இழுத்தால் முறியும். ரப்பரும் அப்படியே. டயர் வினாடிக்கு ஒரு மீட்டர் வீதம் வழுக்கினால், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள மேடுகள் அதை வினாடிக்கு ஆயிரம் முறை குத்துகின்றன. அவ்வளவு விரைவான குத்தலுக்கு ரப்பர், தன் உண்மையான வெப்பநிலையைவிடக் குளிர்ந்த ரப்பரைப் போலவே நடந்துகொள்ளும். விறைத்த ரப்பர் மேடுகளின் உச்சியில் மட்டும் தொட்டுக்கொண்டு செல்கிறது. ஒட்டுதலும் இல்லை, தயக்கமும் இல்லை.

குளிரில் ரப்பர் மீள மறுப்பதன் விளைவை உலகமே ஒருமுறை கண்டது. 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்கலம் ஏழு பேருடன் வெடித்துச் சிதறியது. ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் அன்றைய குளிரில் விறைத்து, இடைவெளியை உடனே அடைக்கத் தவறியதே காரணம். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலறிஞர் ரிச்சர்டு ஃபைன்மன், அவ்வளையத்தின் ஒரு துண்டைக் கிடுக்கியில் நெருக்கிப் பனிக்கட்டி நீரில் வைத்து எடுத்து, அது மீளாததை அனைவர் முன்னிலையிலும் காட்டினார்.

சூடு எங்கிருந்து வருகிறது?

ஓடும் டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, மேலே எழும்போது நிமிர்கிறது. தயக்கத்தினால் ஒவ்வொரு நசுங்கலிலும் சிறிது ஆற்றல் வெப்பமாகிறது. காற்று குறைந்த லாரி டயர் அதிகம் நசுங்குவதால்தான் அதிகம் சுடுகிறது. பந்தய டயருக்கும் உள்சூடு இவ்வழியிலேயே பிறக்கிறது. அதோடு பிரேக்கின் சூடு சக்கரத்தின் வழியாக உள்ளே பரவுகிறது. தரையில் உரசுவதால் வரும் சூடு மேல்தோலுக்கு மட்டுமே.

சாலை டயரில் பள்ளங்களுக்கு இடையே உள்ள கட்டைகள் ஓயாது நெளிவதால் அது விரைவில் சூடேறும். ஸ்லிக்கில் நெளியக் கட்டைகள் இல்லை. எனவே சூடேற்ற வேண்டுமென்றே சில நிமிடங்கள் உழைக்க வேண்டும்.

டயர் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும் ஏறுகிறது. வாயு விதிப்படி கணக்கிட்டால், 30 டிகிரியில் 20 பவுண்டு அளவில் அடித்த காற்று, 80 டிகிரியை எட்டும்போது ஏறக்குறைய 26 பவுண்டு ஆகிவிடும். ஆகவே சூடான பின் இருக்க வேண்டிய அழுத்தத்தை முன்கூட்டியே கணித்துக் குறைவாக அடிப்பது வழக்கம். அதன் பொருள், முதல் சுற்றில் ரப்பரும் பதமில்லை, காற்றும் போதவில்லை. ஓட்டுநர் இரட்டைக் குறையோடு புறப்படுகிறார்.

எண்கள் சொல்லும் பாடம்

விளக்கத்துக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். சூடான ஸ்லிக்கின் உராய்வுக் குணகம் 1.4 என்றும், குளிர்ந்த நிலையில் 0.8 என்றும் வைத்துக்கொள்வோம். நல்ல சாலை டயருக்கு 0.9 என்க.

50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் சூடான ஸ்லிக் மணிக்கு 94 கி.மீ. வேகத்தைத் தாங்கும். குளிர்ந்த ஸ்லிக் தாங்குவது 71 கி.மீ. மட்டுமே. சாலை டயர்கூட 75 கி.மீ. வரை தாங்கிவிடும். முதல் சுற்றிலேயே ஒருவர் 94 கி.மீ. வேகத்தில் அவ்வளைவில் நுழைந்தால், அவருடைய கார் 87 மீட்டர் ஆரமுள்ள வளைவில்தான் திரும்ப முடியும். தடம் அவ்வளவு அகலம் இல்லாததால் கார் வெளியே போயே தீரும்.

நிறுத்தும் தூரமும் அப்படியே. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் செல்லும் காரைச் சூடான ஸ்லிக் சுமார் 41 மீட்டருக்குள் நிறுத்தும். குளிர்ந்த ஸ்லிக்குக்கு 71 மீட்டர் வேண்டும். 30 மீட்டர் வேறுபாடு என்பது ஆறு ஏழு கார்களை வரிசையாக நிறுத்தும் இடம்.

மேலும் ஒன்று: சாலை டயர் பிடி தளரும் முன் பெரும்பாலும் கிறீச்சிட்டு எச்சரிக்கும். குளிர்ந்த ஸ்லிக் அநேகமாக எதுவும் சொல்லாது. பிடி இருப்பதுபோல் இருந்து, ஒரே கணத்தில் போய்விடும்.

நான்கு டயர்களும் ஒன்றாகச் சூடேறுவதில்லை

நம் ஊரில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்கே செல்கிறது. இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவது ஆகிய மூன்று வேலையும் முன் டயர்களுக்கே. எனவே அவை முதலில் சூடேறுகின்றன. பின் டயர்கள் வெறுமனே உருண்டு வருவதால் குளிர்ந்தே கிடக்கின்றன. இரண்டாம் சுற்றில் ஸ்டியரிங் நன்றாகப் பிடிக்கிறதென்று ஓட்டுநர் நம்பி வேகமாகத் திருப்புவார். வேகம் மிகுந்துவிட்டது என்று பயந்து நடுவளைவில் ஆக்சிலரேட்டரை விட்டால், எடை முன்னே சாயும்; லேசாகிவிட்ட, குளிர்ந்த பின் டயர்கள் பிடி விட்டுவிடும். கார் பம்பரம்போல் சுழன்றுவிடும்.

வலச்சுற்றாக ஓடும் தடத்தில் வலப்பக்க வளைவுகளே அதிகம். அவற்றில் எடை இடப்பக்க டயர்களில் இறங்குவதால் அவை முதலில் பதத்துக்கு வரும். பிறகு வரும் முதல் இடப்பக்க வளைவில், இன்னும் குளிர்ந்திருக்கும் வலப்பக்க டயர்கள்மேல் முழுச் சுமையும் திடீரென விழுகிறது. அனுபவமுள்ளவர்கள் அந்த வளைவைத் தனி மரியாதையோடு அணுகுவார்கள்.

வல்லவருக்கும் வழுக்கும்

பெரிய பந்தயங்களில் மின்சாரப் போர்வையால் டயரைப் போர்த்திச் சூடேற்றி வைத்திருப்பார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த எண்ணி, உலக நெடுநேரக் கார்ப் பந்தயத் தொடரில் 2023-ல் இப்போர்வைகளைத் தடை செய்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், முன்னணி அணிகளின் தேர்ந்த ஓட்டுநர்களே குளிர்ந்த டயர்களில் காரை அடக்க முடியாமல் மோதினர். ஜூன் மாதம் நடந்த லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்கு மட்டும் போர்வைகளை மீண்டும் அனுமதிக்க வேண்டியதாயிற்று. உலகின் தலைசிறந்த கைகளே தடுமாறிய இடத்தில், விடுமுறைநாள் ஓட்டுநர் துணிச்சலை மட்டும் நம்பலாமா?

செய்ய வேண்டியவை

முதல் இரண்டு மூன்று சுற்றுகளை டயருக்காகவே ஒதுக்க வேண்டும். நேர்ப்பாதையில், பின்னே வேறு வண்டி நெருங்கி வராதபோது, பிரேக்கைப் படிப்படியாக அழுத்தியும் ஆக்சிலரேட்டரைப் படிப்படியாகக் கூட்டியும் டயருக்கு உள்சூடு ஏற்றலாம். காரைப் பாம்புபோல் வளைத்து ஓட்டுவது பெரும்பாலும் மேல்தோலை மட்டுமே சூடாக்கும். குளிர்ந்த டயரை வழுக்கவிட்டால், அழிப்பானைத் தாளில் அழுத்தித் தேய்க்கும்போது திரித்திரியாக உதிர்வதுபோல் ரப்பர் கிழிந்து திரளும். அதன்பின் சூடேறினாலும் முழுப் பிடிப்பு கிடைக்காது.

ஓய்வுக்காக வெளியே வந்து கால்மணி நேரம் நிறுத்திவிட்டால், மீண்டும் முதல் சுற்றிலிருந்தே தொடங்க வேண்டும். பலமுறை சூடேறி ஆறிய ஸ்லிக் இறுகிப்போகும். பந்தய அணிகள் கழித்துவிட்ட பழைய ஸ்லிக்குகளை மலிவாக வாங்குபவர்கள் இதை நினைவிற்கொள்க. ரப்பர் நிறைய மீந்திருப்பதாகத் தோன்றும். ஆனால் அது எவ்வளவு ஓடினாலும் பழைய பதத்துக்கு வராது. முதன்முறை தடத்துக்குச் செல்பவர்களுக்கு நல்ல சாலை டயரே சிறந்த ஆசான். அது குறைவாகப் பிடித்தாலும் எச்சரித்த பிறகே விடும்.

மொட்டை டயர் ஸ்லிக் ஆகுமா?

கடைசியாக, தடத்துக்கே போகாதவர்களுக்கும் உரிய செய்தி ஒன்று. ‘பந்தயக் காருக்கே வரி இல்லையே, தேய்ந்துபோன என் டயருக்கு என்ன குறை?’ என்று சிலர் வாதிடுவதுண்டு. இது மிகத் தவறு. மொட்டை டயரில் மீந்திருப்பது நெடுநாள் உழைப்பதற்கென இறுக்கமாகச் செய்யப்பட்ட, அதுவும் முதுமையால் மேலும் இறுகிய, மெல்லிய ரப்பர். ஸ்லிக்கின் கலவை அதில் இல்லை. 90 டிகிரிச் சூடும் சாலையில் அதற்குக் கிடைக்காது.

மழை வந்தாலோ இரண்டும் ஒன்றே. வெளியேற வழியில்லாத நீர் டயருக்கும் சாலைக்கும் இடையே ஆப்புபோல் நுழைந்து காரைத் தூக்கிவிடும். அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களைக் கொண்டு 1960-களில் கண்டறிந்த சூத்திரப்படி, 30 பவுண்டு காற்றுள்ள டயர் தேங்கிய நீரில் மணிக்கு சுமார் 91 கி.மீ. வேகத்தில் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும். 25 பவுண்டானால் 83 கி.மீ. வேகமே போதும். வரிப்பள்ளங்கள் நீரை வெளியேற்றி அந்த வேகத்தை உயர்த்துகின்றன. கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று நம் நாட்டுச் சட்டம் கூறுவது இதனால்தான். பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் இருப்பதைக் காணலாம். அம்மேடும் டயரின் மேற்பரப்பும் சமமாகிவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. ஐப்பசி அடைமழைக்கு முன் இதைக் குனிந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

எந்த டயரும் தனக்கென வகுத்த வேலையை, தனக்கென வகுத்த வெப்பநிலையில் மட்டுமே செய்யும். லாரி டயர் சூடேறாமல் இருக்க வேண்டும். பந்தய டயர் சூடேற வேண்டும். சாலை டயர் நீரை வெளியேற்ற வேண்டும். நிற்கும் டயரைப் பார்த்து அதன் பிடிப்பை எவராலும் சொல்ல முடியாது. அதன் பதத்தை அறிந்து ஓட்டுபவரே பத்திரமாக வீடு திரும்புவார்.